தடை அறிந்தோர்

மாதா கோயில் சன்னல் வெயில், அக்கா ஷெரினுக்குப் புதிதாகத் தெரியும் கழுத்தெலும்பில் விழுகிறது. முந்தானையால் வாயைப் பொத்திக் குனிந்திருக்கிறாள். மெலிந்தால்தான் கல்யாணம் என்றது மாப்பிள்ளை வீடு. தொப்பைக்கார மாப்பிள்ளையை யாரும் எதுவும் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரியாமல் வாராவாரம் அக்காவுக்கு வயிற்றில் மெலிய வைக்கும் ஊசி. சர்க்கரை இறங்கியது, முழங்கால் வலி போனது, உண்மைதான். ஆனால் சோற்று வாசனைக்கே இப்போது குமட்டுகிறது. பீடத்தில் சாமியார், நடக்கப்போகும் கல்யாணத்தை ஊருக்கு அறிவிக்கும் கல்யாண ஓலை வாசிக்கிறார்: மார்க்கையன்கோட்டை சகாய பிரவீனுக்கும் ஷெரினுக்கும். அக்கா ஓங்கரிக்கிறாள். பின்வரிசையில் மாப்பிள்ளையின் அத்தை, “ஏத்தா, இது எத்தனையாவது மாசமாம்?” என்று பக்கத்திலிருப்பவளைக் கேட்கிறாள். “ஆளு மெலிஞ்சுல்ல இருக்கா?” “மசக்கையில மெலியத்தான செய்வாக.” நான் திரும்புகிறேன். “ஊசின்னு வாயத் தொறந்த, கொன்னுருவேன்” என்று அம்மா என் தொடையைக் கிள்ளுகிறாள். “இத்திருமணத்திற்குத் தடை அறிந்தோர் தெரிவிக்கலாம்” என்று சொல்லிச் சாமியார் நிறுத்துகிறார். அந்த அமைதியில் அக்காவின் ஓங்கரிப்பு மட்டும் கோயில் முழுக்கக் கேட்கிறது.