உட்கரு வாசல்

என் மாமனார் தணிகாசலத்துக்கு ரத்தப் புற்று. பழுது பார்க்கும் புரதத்தை ஊசியில் ஏற்றியாயிற்று. அதைச் செல்லுக்குள் விடலாமா, நடுவிலிருக்கும் உட்கருவுக்குள்ளும் விடலாமா என்று நோயாளிதான் போனில் அழுத்த வேண்டும். உடலுரிமைச் சட்டமாம்.

“இதை யார் உடம்புலேருந்து எடுத்தீங்க?” என்று மாமனார் டாக்டர் நிலோஃபரிடம் கேட்டார்.

“பேர் சொல்லக் கூடாது சார்.”

“பேர் வேண்டாம்மா. எந்த ஊர், ஊர்ல எந்தத் தெரு?”

“ஏதோ காலனின்னு போட்டிருக்கு.”

மாமனார் முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் செல்லுக்குள் வர அனுமதித்தார், பெரிய மனசு. உட்கருவுக்கு மட்டும் ‘கூடாது’ என்று அழுத்தினார்.

“டி.என்.ஏ. அங்கதான் சார் இருக்கு. உள்ள போனாத்தான் சரி பண்ண முடியும்.”

“நம்ம பரம்பரை இருக்கிற இடம்மா அது. வெளியில நின்னே செய்யட்டும். எங்க வீட்ல வேலைக்கு வர்றவங்க எல்லாம் அப்படித்தான் செய்றாங்க.”

மருந்து சொன்ன பேச்சைக் கேட்டது. கடைசிவரை வாசலிலேயே நின்றது.

ஆடி பிறப்பதற்குள் மாமனார் போய்ச் சேர்ந்தார். பூஜையறைக்குப் பக்கத்து அறையில் கிடந்தவரைத் தூக்க, மயான வண்டியிலிருந்து இரண்டு பேர் செருப்போடு உள்ளே வந்தார்கள். அவர்களிடம் யாரும் தெரு கேட்கவில்லை.