ரத்தத்தின் மேல் பழி

ஷைஸ்தாவின் ஒடிந்த மணிக்கட்டுக்கு அரியூர் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டு அழைத்து வந்தவர் அவள் மாமனார் கலீலுல்லாதான். வழியெல்லாம் மருமகளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தார்.

சேதி கேட்டுப் பாகூரிலிருந்து அவள் அப்பா மன்சூர் வந்து இறங்கினார். செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்று, பெண்ணின் கையை ஒடித்த மருமகனைப் போலீசில் ஒப்படைக்காமல் விடப்போவதில்லை என்று சத்தம் போட்டார். மருமகன் மாலிக் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"நீங்க கோவப்படறது நாயந்தான்," என்றார் கலீலுல்லா. "இவன் நாங்க பெத்த புள்ள இல்லன்னு ஒங்களுக்கே தெரியும். மூணு மாசத்துல தூக்கியாந்து வளத்தோம். பெத்தவன் எந்த ரவுடியோ. டாக்டருங்க ஜீன்னு சொல்றாங்களே, அது எங்க போவும்?"

மாலிக்கும் அதைப் பிடித்துக்கொண்டான். தன் பிறப்பே அப்படி, கோபம் வந்தால் கை தானாக ஓங்கிவிடுகிறது என்று முணுமுணுத்தான்.

கூடம் புழுங்கியது. ஃபேன் போட கலீலுல்லா சுவர்ப்பக்கம் கையை நீட்டினார். ஸ்விட்ச் அருகே நின்றிருந்த அவர் மனைவி சபுரா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒதுங்கினாள்.

மன்சூருக்கு ஆத்திரம் இன்னும் ஏறியது. "அப்ப என் பேரன் ஒடம்புல ஓடறதும் அந்த ரத்தந்தானே? நாளைக்கு அவனும் ஒருத்தி கைய ஒடிப்பான். அதுக்கு இன்னா சொல்றீங்க?"

துஆ செய்வதைத் தவிர நம்மால் என்ன முடியும் என்றார் கலீலுல்லா.

சபுரா விருட்டென்று உள்ளே போனாள். மருமகளின் துணிப்பையையும், தூங்கிக்கொண்டிருந்த பேரனையும் தூக்கி வந்து மன்சூரிடம் கொடுத்தாள்.

"ரெண்டு பேரையும் கூட்டிக்கினு போங்க சம்பந்தி. இந்தப் புள்ள ரத்தத்துல ஒரு கொறையும் இல்ல. இந்த வூட்ல மட்டும் வளர வேணாம்."

மாலிக் நிமிர்ந்தான். "அப்ப நான் மட்டும் ஏம்மா இப்படி ஆனேன்?"

முப்பது வருஷத்தில் முதல் தடவையாக, சபுரா கணவனை நோக்கி விரல் நீட்டினாள்.

"இவரு என்னை அடிக்கறப்பல்லாம் நீ பாத்துக்கினு நின்னியேடா."