தாழ ஒட்டிய இலை

இலையுதிர்கால வெயில் முற்றத்தில் சாய்ந்து கிடக்கிறது. கொரியக் கிழவர் மான்சொக், அறையின் காகிதக் கதவைக் கழற்றிச் சுவரில் சாத்தி, பழைய காகிதத்தை உரித்துவிட்டு, கட்டம் கட்டமான மரச்சட்டத்தில் புதுக் காகிதம் ஒட்டுகிறார். கடைப் பசையில் நம்பிக்கை இல்லை. மாவைத் தானே காய்ச்சியிருக்கிறார். வைத்தியரிடமும் நம்பிக்கை இல்லை. மனைவி ஒக்பூன் இனி எழமாட்டாள் என்று அந்த ஆள் சொன்னால் ஆயிற்றா? கதவில்லாத அறைக்குள், அடியில் அடுப்பனல் ஓடிச் சூடேறிய தரையில் படுத்தபடி ஒக்பூன் பார்க்கிறாள். "சுருக்கம் விழுது பாருங்க. கண்ணு அவிஞ்சு போச்சா?" "படுத்துக்கிட்டே மேஸ்திரி வேல பாக்காத. காஞ்சா மேளத்தோல் கணக்கா விறைச்சுக்கும்." அவள் சிரிக்கிறாள், சிரிப்பு இருமலாகிறது. அது அடங்கும்வரை அவர் பசை சொட்டும் தூரிகையோடு நிற்கிறார். பிறகு ஒரு சிவந்த மேப்பிள் இலையை எடுத்து, வருஷா வருஷம் ஒட்டுகிற இடத்தில், கைப்பிடிக்குப் பக்கத்தில் வைக்கிறார். "அங்க வேணாம். அடிக்கட்டத்துல வைங்க." "அங்க வச்சா யாரு கண்ணுக்குத் தெரியும்டி?" "எனக்குத் தெரியும்." கிழவர் முழங்கால் நெறிபடக் குத்தவைத்து, அவள் தலையணை உயரத்தில் இலையை வைக்கிறார். அதன்மேல் நிறம் ஊடே தெரியும் மெல்லிய துண்டுக் காகிதத்தை ஒட்டி, உள்ளங்கையால் நீவுகிறார். இலை ஒட்டிக்கொண்டுவிட்டது. கையை எடுக்கத்தான் அவருக்கு மனசில்லை.