பச்சைக் கட்டம் போட்ட புடவை

தான் கதை எழுதிய சிறுவர் புத்தகத்தின் அட்டையில் தன் பெயர் மட்டும் போதும் என்று வசுமதியின் கணவன் திருமாறன் முடிவு செய்தான். "கதையும் படமும் ஒரே ஆள்னு போட்டாதான் எடுப்பா இருக்கும் வசு. நீ வேற, நான் வேறயா?" என்றான். இரண்டு வருடமாகத் தான் வரைந்த படங்களை அவள் மறுபடி மேசையில் பரப்பினாள். யானையின் காலுக்குப் பின்னால், கிளியின் பொந்தில், பெரிய மீனின் வயிற்றுக்குள் என்று பக்கத்துக்கு ஒரு குட்டிப் பெண்ணை ஒளித்து வைத்தாள். பச்சைக் கட்டம் போட்ட புடவை, கையில் தூரிகை. அச்சுக்குப் போகும் முன் திருமாறன் எழுத்துப்பிழைகளை மூன்று முறை பார்த்தான். படங்களைச் சும்மா புரட்டினான்.

வெளியீட்டு விழாவில் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு புத்தகம் கொடுத்தார்கள். யானையை வரையப் பட்ட பாட்டை அவன் மேடையில் விவரித்துக்கொண்டிருந்தபோது, முன்வரிசையில் ஒரு சிறுமி எழுந்தாள்.

"அங்கிள், எல்லாப் பக்கத்துலயும் ஒரு ஆன்ட்டி ஒளிஞ்சு படம் வரையுறாங்களே, அவங்க யாரு?"

"எந்த ஆன்ட்டி, பாப்பா?"

"யானைக்குப் பின்னாடி. நீங்கதானே வரைஞ்சீங்க, தெரியாதா?"

அவன் அவசரமாகப் பக்கங்களைப் புரட்டினான். கடைசி வரிசையில் வசுமதி எழுந்து நின்றாள். முதலில் அந்தச் சிறுமி திரும்பினாள், பிறகு ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. பச்சைக் கட்டம் நன்றாகத் தெரியும்படி வசுமதி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.