ஓடுபாதைக்கு அடியில்

இங்கேதான் என்றான் அவன்.

அவள் குனிந்து பார்த்தாள். தார். ஒரு வெள்ளைக் கோடு. விமானச் சக்கரங்கள் தேய்ந்த கறுப்புத் தடம்.

வீடு இல்லை. மழைநீர்த் தொட்டி இல்லை. கரும்பு நின்ற சரிவும் இல்லை. எல்லாவற்றையும் மட்டம் தட்டியிருந்தார்கள்.

அவன் கையில் இரண்டு வரைபடங்கள். ஒன்று போருக்கு முந்தைய கிராமம். மற்றது இந்த விமானத் தளம். நேற்று முழுவதும் ஒன்றின்மேல் ஒன்றை வைத்துப் பார்த்தேன் என்றான். அப்படிச் செய்யச் சொல்லி அவனுக்கு உத்தரவு எதுவும் இல்லை.

சார்ஜன்ட் நகமினே. முப்பது வயதிருக்கும். தீவின் பழைய குடிகளை வருடத்தில் ஒரு நாள் உள்ளே விடுவார்கள். ஆளுக்கு ஒரு சிப்பாய் துணை. அவளுக்கு அவன்.

ஜப்பானின் கடைசித் தீவு இது. இதற்கப்பால் கடலில் எல்லைக் கோடு. அக்கரை விமானம் ஏதாவது தலைகாட்டினால் இங்கிருந்து இரண்டு போர் விமானங்கள் கிளம்பவேண்டும். அதனால் ஓடுபாதையில் நிற்க இருபது நிமிடம்தான்.

அவள் பெயர் இட்சுயோ. வயது எண்பத்தாறு. தீவைவிட்டுப் போனபோது ஆறு.

மற்ற குடும்பங்கள் வருடா வருடம் வந்தன. அவள் வந்ததில்லை. அம்மா இருந்தவரை, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றாள். அம்மா போன பிறகு, தனக்கு என்றாள்.

அண்ணனைப் பற்றி ஏதாவது தெரியுமா என்று கேட்டாள்.

பதிவேட்டில் பெயர் இருக்கிறது என்றான். தமோட்சு. தளத்தை நீட்டும் வேலையில் இருந்தபோது குண்டு விழுந்திருக்கிறது. புதைக்க அவகாசமில்லை. மேலேயே மண்ணைத் தள்ளி வேலையைத் தொடர்ந்திருக்கிறார்கள். சிப்பாய்கள் தண்ணீரில்லாமல் செத்த குகைகளில் தோண்டி நிறைய எலும்புகளை எடுத்துவிட்டார்கள். ஓடுபாதையைத் தோண்ட முடியாது.

அவள் மெல்ல மண்டியிட்டாள். உள்ளங்கையைத் தாரில் வைத்தாள்.

சூடு.

எரிமலைத் தீவு. தரை எப்போதுமே அப்படித்தான்.

பையிலிருந்த பாட்டிலைத் திறந்து தண்ணீரை ஊற்றினாள். அது பரவவில்லை. விழுந்த இடத்திலேயே காணாமல் போனது.

நகமினே தன் இடுப்பிலிருந்த குடுவையைக் கழற்றி நீட்டினான்.

"இதையும் ஊத்துங்கம்மா. இங்க இருக்கறவங்களுக்குத் தண்ணி பத்தாது."

இருந்தவங்களுக்கு என்று அவன் சொல்லவில்லை.

படுக்கும் அறைகளில் எல்லோரும் ஜன்னலோரம் ஒரு குவளைத் தண்ணீர் வைக்கிறோம் என்றான். காலையில் குறைந்திருந்தால் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

அவள் அதையும் ஊற்றினாள்.

"தம்பி, எங்கண்ணன் செத்ததுக்கு நான்தான் காரணம்."

அவன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

அவள் சொன்னாள். போர் நெருங்கியபோது ஊரைக் கப்பலில் ஏற்றினார்கள். பெண்கள், பிள்ளைகள், கிழவர்கள். பதினாறு நிறைந்த ஆண்கள் இங்கேயே தங்கிப் பட்டாளத்துக்கு வேலை செய்யவேண்டும். அண்ணனுக்குப் பதினாலு என்றாள் அம்மா. அவன் ஒல்லி. அதிகாரி நம்பிவிட்ட மாதிரிதான் இருந்தது. பிறகு அவர் குனிந்து, இட்சுயோவிடம் ஒரு கற்கண்டை நீட்டி, அண்ணனுக்கு எத்தனை வயது என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

அவள் அப்போதுதான் எண்ணக் கற்றிருந்தாள். கற்றுக்கொடுத்தது அண்ணன்.

"பதினாறுன்னு சொன்னேன். நல்லா சத்தமா."

யாரும் ஒன்றும் சொல்வதற்குள் அண்ணனே வரிசையிலிருந்து விலகினான். தோளிலிருந்த மூட்டையை இறக்கி அம்மாவின் காலடியில் வைத்தான். கப்பல் நகர்ந்தபோது கை காட்டினான்.

அப்போதும் அவள் வாயில் கற்கண்டு கரைந்துகொண்டிருந்தது.

அம்மா தொண்ணூற்றொரு வயதுவரை இருந்தாள். ஒரு நாளும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. திட்டவில்லை. அடிக்கவில்லை. வீட்டுக்குக் கற்கண்டு வாங்கியதில்லை, அவ்வளவுதான்.

நகமினே தொப்பியைக் கழற்றினான். நீங்கள் குழந்தைதானே என்று அவன் சொல்லவில்லை. அதை இத்தனை வருடத்தில் அவளே தனக்குப் பலமுறை சொல்லிப் பார்த்திருந்தாள்.

"அவர்கிட்டயே சொல்லிடுங்கம்மா. நான் அந்தாண்ட நிக்கிறேன்."

பத்தடி தள்ளிப் போய் முதுகைக் காட்டி நின்றான்.

அவள் நெற்றியைத் தாரில் வைத்தாள். அண்ணா என்றாள். அதற்கப்புறம் வரவேண்டிய வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தபோது சைரன் ஊளையிட்டது.

நகமினே ஓடிவந்தான். அவளை அப்படியே தூக்கிக்கொண்டு புல்வெளிக்கு ஓடினான். அவள் செருப்பு ஒன்று வழியிலேயே விழுந்தது.

இரண்டு போர் விமானங்கள். ஒன்றன்பின் ஒன்றாக அந்த இடத்தின்மேல் ஓடி எழும்பின. நெஞ்சுக்கூடு அதிர்ந்தது.

சத்தம் அடங்கியதும், தினமும் இப்படியா என்று கேட்டாள்.

சில நாள் மூன்று தடவை என்றான்.

செருப்பைத் தேடி எடுத்துவந்து, மண்டியிட்டு அவள் காலில் மாட்டிவிட்டான்.

திரும்ப அங்கே போக அனுமதி கிடைக்கவில்லை. அவன் மேலதிகாரியிடம் இரண்டு முறை கேட்டுப் பார்த்தான்.

மாலை நான்கு மணிக்கு எல்லோரையும் படையின் சரக்கு விமானத்தில் ஏற்றினார்கள். இரண்டு பக்கமும் எதிரெதிரே வலை இருக்கைகள். வெளியே பார்க்க வழியில்லை. வாசல்வரை வந்த நகமினே வணக்கம் வைத்துவிட்டு இறங்கினான்.

விமானம் திரும்பி நின்றது. உறுமியது. ஓடத் தொடங்கியது.

வீடு எந்த இடத்தில் வரும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

இரண்டு கால்களையும் தரையிலிருந்து தூக்கிக்கொண்டாள்.

முழங்கால் வலித்தது. தொடை நடுங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டாள். சக்கரங்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன.

யாராவது பார்க்கிறார்களோ என்று நிமிர்ந்தாள்.

எதிர் வரிசையில் ஏழு பேர். வருடா வருடம் வருகிறவர்கள். எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள்.

ஒருவர் காலும் தரையில் இல்லை.