தொண்ணூற்றைந்து பேரில் ஒருவர்

"நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு பேருக்கு வேலை கிடைச்சுதுன்னு வெளியில பெருசா ஒட்டி வச்சிருக்கீங்களே மேடம், அதுல ஒரே ஒருத்தரைக் காட்டுங்க. கால்ல விழுந்து கும்பிட்டுட்டுப் போறேன்."

கதவைத் திறந்த வேகத்திலேயே கத்தினான். தமிழ்நாட்டிலிருந்து அந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு வந்து எம்பிஏ முடித்தவன் அவன். அவள் அங்கே வேலைவாய்ப்பு ஆலோசகர். கணினியில் திறந்திருந்த எதையோ சட்டென்று மூடிவிட்டு, எதிர் நாற்காலியைக் காட்டினாள்.

"உக்காருங்க."

"உக்காந்து உக்காந்துதான் இந்தக் கதி."

முதல் தடவை வந்தபோது, "தமிழா? கதவைச் சாத்திட்டுத் தமிழ்லயே பேசுங்க" என்று அவள் சொன்னதில் அவனுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. இன்றைக்கு அந்தத் தமிழே எரிச்சலைக் கிளப்பியது. நம் ஆள் ஒருத்தி ஜம்மென்று நாற்காலி பிடித்து உட்கார்ந்துகொண்டு நம்மையே அலைய விடுகிறாளே என்று வயிறு எரிந்தது. மேசை மேல் இருந்த அவளுடைய பெயர்ப்பலகைகூட ஒழுங்காக இல்லை. காகிதத்தில் பெயரை அச்சடித்துக் கோணலாக ஒட்டியிருந்தார்கள். வேலையும் இப்படித்தானே பார்ப்பார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

"நேத்துப் போன இன்டர்வியூ என்னாச்சு?" என்று கேட்டாள்.

"இந்த நாட்டுல வேலை பார்த்த அனுபவம் இருக்கான்னு கேட்டான். வேலையே குடுக்காம அனுபவம் எங்கேருந்து வரும்? கடையிலயா விக்குது? வீடு வந்து சேர்றதுக்குள்ள மெயில் வந்துடுச்சு."

"உங்க தகுதி எங்களை மிகவும் கவர்ந்ததுன்னு ஆரம்பிச்சிருப்பாங்களே."

"ஆமா."

"உங்க எதிர்காலத்துக்கு வாழ்த்துகள்னு முடிச்சிருப்பாங்க."

"கிண்டலா மேடம்?"

"இல்லைங்க" என்றாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"ஊர்ல பம்ப்செட் கம்பெனியில இருபது ஆளை மேய்ச்சவன் நான். அதை விட்டுட்டு இங்க வந்து படிச்சேன். இப்ப ஒரு குடோன்ல பெட்டி அடுக்கறேன். அங்க சூப்பர்வைசர் என்னை எப்படிக் கூப்பிடறான் தெரியுமா? 'எம்பிஏ, அந்த அட்டையை எடு.' அதுதான் இப்ப என் பேரு."

அவள் தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டலில் அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ரெஸ்யூமைச் சுருக்கினீங்களா?"

"சுருக்கிச் சுருக்கி என் பேரு மட்டும்தான் பாக்கி. வாயில நுழையலைன்னு போன தடவை அதையும் சுருக்கச் சொன்னீங்க. இனிமே என்ன, இனிஷியலை மட்டும் அனுப்பவா?"

மேசையில் ஓங்கித் தட்டினான். பேனா உருண்டு கீழே விழுந்தது. அவள் குனிந்து எடுத்து வைத்தாள்.

"படிப்பு முடிஞ்சு இது ஆறாவது மாசம். இந்த மாசக் கடைசியோட விசா முடியுது. தினமும் போன்ல, 'யாராவது கூப்பிட்டாங்களா'ன்னு என் பொண்டாட்டி கேப்பா. இப்பல்லாம் கேக்கறதில்ல. சாப்பிட்டியான்னு மட்டும்தான் கேக்கறா. மாமனாரு, மாப்பிள்ளை ஃபாரின்ல மேனேஜர்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்காரு. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அந்த வீட்டு வாசல்ல போய் நிப்பேன்? உங்களுக்கென்ன மேடம், மாசம் பொறந்தா சம்பளம். எங்க வயித்தெரிச்சல் உங்களுக்கு எங்க புரியப்போகுது?"

அதுவரை எல்லாவற்றையும் கல் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தவள், அப்போதுதான் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"தொண்ணூத்தஞ்சுங்கறது பொய் இல்லைங்க. கணக்கு சரிதான்."

"அப்ப அந்த அஞ்சுல நான் ஒருத்தன். அப்படித்தானே?"

"இல்ல. நீங்களும் தொண்ணூத்தஞ்சுலதான். உங்களுக்கு வேலை வந்திருக்கு. காலையிலதான் சொன்னாங்க."

அவன் அப்போதுதான் உட்கார்ந்தான்.

"படிப்புக்கேத்த வேலைதான். தனி ரூம், மேசை, கம்ப்யூட்டர் எல்லாம் உண்டு. திங்கக்கிழமை சேரணும். விசாவையும் நீட்டிச்சுக் குடுப்பாங்க."

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. மனைவியைக் கூப்பிடப் போனைக் கையில் எடுத்தான்.

"மன்னிச்சுக்கங்க மேடம். வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். நாக்குல சனி."

"பரவாயில்ல. பேசினதெல்லாம் சரிதான்."

"எந்தக் கம்பெனி மேடம்?"

அவள் நாற்காலியில் தொங்கிய கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள். மேசை இழுப்பறையிலிருந்து குடையையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துப் பையில் திணித்தாள். பிறகு பெயர்ப்பலகையைத் திருப்பி, ஒட்டியிருந்த தன் பெயரை நகத்தால் கீறிப் பிய்த்தாள். அதற்கு அடியில் வேறொரு பெயர் இருந்தது. அதற்கும் அடியில் இன்னொரு பெயரின் ஓரம் தெரிந்தது.

"ஆறு மாசம்தான் வச்சிருப்பாங்க. கணக்குல சேர அது போதும். எனக்கு ஞாயித்துக்கிழமை ஃப்ளைட்" என்றபடி தன் நாற்காலியை அவன் பக்கம் தள்ளினாள். "ஒரே ஒருத்தரைக் காட்டச் சொன்னீங்களே, போன பேட்ச்ல நான்தான் அது. கால்ல எல்லாம் விழ வேண்டாம். திங்கக்கிழமை வரைக்கும் எதுக்கு, இப்பவே இப்படி வந்து உக்காந்து, வெளியில காத்திட்டிருக்கற அடுத்த ஆளைக் கூப்பிடுங்க."