இடது புருவத்துக்கு மேலே

தொப்பிதான் முதலில் காட்டிக் கொடுத்தது.

பாறசாலை ஸ்டேஷன். காலை ஏழே கால். திருவனந்தபுரம் பாசஞ்சருக்காக நின்ற கூட்டத்தில் அந்தப் பச்சைத் தொப்பி தனியாகத் தெரிந்தது. முத்திரை நெற்றிக்கு நட்டநடுவே இருந்தது. துணி இடது காதுப் பக்கம் சரிந்து கிடந்தது.

விஜயதாஸ் நின்றுவிட்டார்.

இருபத்தெட்டு வருஷம் பட்டாளத்தில் இருந்து சுபேதாராக ஓய்வு பெற்றவர். முத்திரை இடது புருவத்துக்கு மேலே, துணி வலது காதை நோக்கி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

பார்வை கீழே இறங்கியது. நெஞ்சில் பெயர்ப்பட்டை இல்லை. கால்சட்டை பூட்ஸுக்கு வெளியே தொங்கியது. அதெல்லாம் போகட்டும், லீவு முடிந்து ரயிலேறுகிறவன் சாதாரண பேன்ட் சட்டையில் போவானே ஒழிய, இப்படி உடுப்போடு பிளாட்பாரத்தில் காட்சி கொடுத்துக்கொண்டா நிற்பான்?

கள்ளப் பட்டாளம்.

போன வருஷம் மட்டும் இரண்டு பேரைப் பிடித்துக் கொடுத்திருக்கிறார். அதில் ஒருவன் உடுப்பைக் காட்டியே மூன்று வீட்டில் பெண் கேட்டவன். அந்த உடுப்பில் செத்தவர்களைத் தோளில் தூக்கி வந்தவர் விஜயதாஸ். இந்த விஷயத்தில் அவரிடம் தயவு தாட்சண்யம் கிடையாது.

பையனுக்கு இருபத்திரண்டு இருக்கும். பக்கத்தில் ஒல்லியாக அவன் அம்மா சாராம்மா.

“யூனிட் எது மக்கா?”

பையன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். பதில் அம்மாவிடமிருந்து வந்தது.

“எம் மவன் சஜின் பட்டாளமாக்கும் சாறே. காஷ்மீருக்குப் போறான்.”

“காஷ்மீர்ல எங்க?”

“அங்க பூரா ஐஸ்தானே. எங்கன்னு எப்பிடி அடையாளம் சொல்ல?”

பெஞ்சில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். சஜின் சிரிக்கவில்லை. தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

விஜயதாஸ் பத்தடி தள்ளிப் போய் போனை எடுத்தார். ரயில்வே போலீஸ் நம்பர். மணி அடிக்க ஆரம்பித்தது.

ஒரு கை வந்து போனைப் பொத்தியது. தொழிலுறப்பு என்கிற நூறு நாள் வேலையில் மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன கை.

“கட் பண்ணுங்க சாறே.”

சாராம்மாவின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. தூரத்தில் நிற்கும் மகன் பார்த்தால், ஏதோ ஊர்க்கதை பேசுகிறாள் என்றுதான் நினைப்பான். குரலில் மட்டும் சிரிப்பு இல்லை.

“எல்லாம் எனக்குத் தெரியும். கழக்கூட்டத்துல ஒரு ஃபிளாட் வாசல்ல செக்யூரிட்டியாக்கும். போன மாசம் ஆஸ்பத்திரிக்குப் போறப்ப பஸ்ல இருந்து பாத்தேன். போற வாற காருக்கெல்லாம் சல்யூட் அடிச்சிட்டு நிக்கான்.”

விஜயதாஸ் அழைப்பைத் துண்டித்தார்.

“பின்ன எதுக்கு இந்த வேஷம்?”

“செலக்ஷன்ல மூணாவது வாட்டி தோத்த அன்னைக்கு, கயித்த அறுத்து அவன இறக்கினது நானாக்கும். பத்து நாள் கழிச்சு, ‘கிடைச்சிட்டு அம்மை’ன்னு வந்து நின்னான். நான் நம்பிட்டேன்னு நெனச்சுத்தான் உயிரோட நடக்கான். எனக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரியப்பிடாது.”

குழித்துறைப் பக்கமிருந்து ரயிலின் கூவல் கேட்டது.

“அந்தத் தொப்பிய எப்பிடி வைக்கணும் சாறே? நீங்க அதையே உத்துப் பாத்ததக் கண்டேன், பிடிச்சிட்டீங்க. இனி ஒருத்தரும் பிடிக்கப்பிடாது.”

பொத்தான் ஒன்று திறந்து கிடந்ததற்காக ஒருவனை உச்சி வெயிலில் ஓடவிட்டவர் விஜயதாஸ். இப்போது ஒருத்தி ஒரு பொய்யை ஒழுங்காக உடுத்திவிடச் சொல்கிறாள்.

போனைப் பைக்குள் போட்டுவிட்டு நடந்தார்.

அவர் வருவதைப் பார்த்து சஜின் பின்வாங்கினான். தூண் முதுகில் இடித்தது. விஜயதாஸ் அவன் தலையிலிருந்து தொப்பியை எடுத்தார். திருப்பினார். முத்திரையை இடது புருவத்துக்கு மேலே கொண்டுவந்து வைத்தார். துணியை வலது பக்கம் இழுத்துப் படிய வைத்தார்.

“கால்சட்டைய பூட்ஸுக்குள்ள விடு.”

குனிந்து செய்துவிட்டு நிமிர்ந்தான். அப்போதுதான், அவர் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, உதடு அசையாமல் கேட்டான்.

“அம்மை சொல்லிட்டாங்க, இல்லியா?”

விஜயதாஸின் கை தொப்பியிலேயே நின்றுவிட்டது.

“அவங்க பஸ்ல இருந்து என்னப் பாக்கத நானும் பாத்தேன். இந்த வாட்டி உண்மையச் சொல்லிட்டு இந்த உடுப்ப எரிச்சிரணும்னுதான் வீட்டுக்கு வந்தேன். காலையில எழும்பிப் பாத்தா, இதத் தேய்ச்சு மடியில வச்சிட்டு இருக்காங்க.” அவன் குரல் இடறியது. “தெரிஞ்சும் தேய்க்காங்க சாறே. ஊர்ல பட்டாளக்காரன் அம்மைன்னு ஒரு பேரு உண்டு. அதுவும் போனா தாங்க மாட்டாங்க. எனக்குத் தெரியும்னு மட்டும் அவங்ககிட்ட சொல்லிராதீங்க.”

ரயில் வந்து நின்றது. சஜின் ஏறி வாசலில் நின்றான்.

சாராம்மா மகனைப் பார்க்கவில்லை. விஜயதாஸைப் பார்த்தாள்.

“இப்ப சரியாச்சா சாறே?”

வாசலில் நின்ற பையனும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

ரயில் அசைந்தது.

“சரியாச்சு” என்றார் விஜயதாஸ், இரண்டு பேருக்கும் கேட்கும்படி.